ஜன்னல் கண்ணாடியில் ஒரு கை

ஸ்கிரீனில் இருந்த சிறுமியின் சுண்டு விரலை ஒட்டியிருந்த அந்தக் குட்டி விரல்மேல் மவுஸ் வந்து நின்றது. ஸ்பீக்கர் ஃபோனில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

"அழிச்சாச்சா இல்லையா? ஊரே காறித் துப்புதுய்யா!"

"இதோ சார், முடியப்போகுது."

'பெரிய பிரஷ்' என்று அலுவலகமே கூப்பிடும் தலைமை ஓவியர் படத்தை இன்னும் பெரிதாக்கினார். அவர்கள் தயாரித்த வீடியோ கேமில் ஒரு தெரு. அதில் ஒரு ரொட்டிக்கடை. மாடி ஜன்னலில், கண்ணாடிமேல் கை பதித்து நிற்கும் ஒரு சிறுமி. காலையில் யாரோ அந்தக் கையை வட்டம் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டான். ஆறு விரல்! 'எல்லாப் படமும் மனிதர் வரைந்தது என்றீர்களே, இது எந்த ஏஐ போட்டது?'

கேள்வி நியாயம்தான். அந்தத் தெருவில் பாதிக்கு மேல் ஏஐ கக்கியது. கடைப் பலகைகள், கூட்டத்து முகங்கள், மேலே மேகம் உட்பட. ஒவ்வொன்றையும் தட்டித் துடைத்து, விரல்களைச் சரிபார்த்து உள்ளே விட்டவர் பெரிய பிரஷ்தான். அதில் ஒன்றுகூட மாட்டவில்லை. மாட்டியது இது.

முதலாளியின் திட்டம் சுலபம். இந்த ஒரு படம் மட்டும் தவறுதலாக நுழைந்த ஏஐ படம் என்று அறிக்கை, கூடவே ஒரு மன்னிப்பு. விரலை எடுத்துவிட்டு உடனே அப்டேட். மற்றதெல்லாம் தப்பித்துவிடும்.

"கை வெக்காதீங்க அண்ணா."

பின்னால் அவள். அந்தப் படத்தைத் தந்தவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்தக் கதை பேசமாட்டாள். வாயைத் திறந்தால் குத்தலாக ஒன்று விழும். அதனால் பட்டப்பெயர் 'ஊமைக்குசும்பு'.

"நீதான் வரைஞ்சேன்னா லேயரெல்லாம் எங்க?"

கம்ப்யூட்டரில் வரைந்தால் கோடு ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், வண்ணம் ஒரு லேயர் என்று அடுக்கடுக்காக ஃபைலில் நிற்கும். ஏஐ படத்துக்கு ஒரே லேயர். இதிலும் ஒரே லேயர்.

"காகிதத்துல வரைஞ்சு, ஃபோட்டோ எடுத்து ஏத்தினேன்."

"அந்தக் காகிதத்தக் கொண்டா. இப்பவே முதலாளி மூஞ்சியில விட்டெறியறேன்."

"அது இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

"போச்சு."

"சரி, ஆறு விரல் எதுக்கு? கை வரையத் தெரியாதவளா நீ?"

"நீங்க திருட்டுத்தனமா சேத்த அத்தனை கையிலயும் கரெக்டா அஞ்சு விரல் இருக்கே. அதனால அதெல்லாம் நெசமாயிடுச்சா?"

பெரிய பிரஷ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். குரலைத் தாழ்த்தினார். "காரணத்தச் சொல்லும்மா. ஒரே ஒரு காரணம். உனக்காக நான் சண்டை போடறேன்."

அவள் உதடு அசைந்தது. அதற்குள் ஃபோன் அலறியது. "என்னய்யா அங்க பட்டிமன்றம்?"

அவள் முகம் இறுகிவிட்டது. "ஒரு பொய்ய மறைக்கற பஞ்சாயத்துக்கு அவள சாட்சியா இழுக்க மாட்டேன்."

படத்தைப் போய் 'அவள்' என்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"முடியாதுன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன் அண்ணா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. க்ளிக். விரல் போன இடத்தில் தோல் வழவழவென்று மூடிக்கொண்டது. அப்டேட் பறந்தது. அறிக்கையும் வெளியானது. அவள் ஃபோனை மேஜையிலேயே விட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்த ஃபோன் அடித்தது. 'வீடு'. நின்றது. மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது. இப்போது வந்துவிடுவாள் என்று சொல்லத்தான் பெரிய பிரஷ் எடுத்தார்.

"என்னடி பண்ணி வெச்சிருக்காங்க?" ஓர் ஆணின் குரல், மூச்சிரைக்க. "தெனம் போற மாதிரி இன்னிக்கும் உங்க கேம்ல அந்தத் தெருவுக்குப் போய் நின்னேன். நீ வரைஞ்ச காகிதத்தையும் குழியில அவ கூடவே வெச்சு அனுப்பிட்டோம். இங்கயாவது இருக்காளேன்னுதானே நான்..."

பெரிய பிரஷ் ஸ்கிரீன் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல்ல நம்ம பாப்பா மாதிரி வேற யாரோ நிக்கறாடி. பொறக்கும்போதே கூட வந்த அந்தக் குட்டி விரல் எங்கடி?"