வெர்னாவின் பெயர்மேல் உட்கார்ந்த பருந்து

1

இந்தக் கதை என் குற்றவுணர்ச்சியில் பிறந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அமெரிக்காவின் ஒரிகான் மாநில மேட்டுப் பாலைநிலத்தில் ஜூனிப்பர் மரங்கள் பெருகியதன் விளைவாக...' இது அரசாங்க அறிக்கை. அடித்துவிட்டேன்.

2

வெர்னாவும் அவள் கணவன் ஆர்லோவும் என் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். பக்கம் என்றால் பதினொரு மைல். வசந்தகால விடியலில் சேஜ் கோழிகள் என்ற காட்டுப் பறவைகள் இணை தேடிக் கூடி ஆடும் திடல் ஒன்று அவர்கள் நிலத்தில் இருக்கிறது. ஜூனிப்பர்கள் பெருகின, அவற்றின்மேல் பருந்துகள் உட்கார்ந்தன, கோழிகள் வருவதை நிறுத்திவிட்டன. வெர்னாவால் அதைத் தாங்க முடியவில்லை. நான்கு குளிர்காலம் மூவருமாக மரம் அறுத்தோம், ஒன்றைக்கூட விடவில்லை.

(இங்கே வெர்னாவுக்குப் புற்றுநோய் என்று ஒரு பத்தி இருந்தது. படித்துவிட்டு, "எனக்கு முட்டிவலி மட்டும்தானே, ஏன் சாகடிக்கப் பாக்குற?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

3

ஆர்லோ செய்ததைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். அறுத்த மரங்களில் நெட்டையான மூன்றைப் பொறுக்கி, திடலுக்கு எதிரே, பண்ணைப் பாதையில் இரண்டு கம்பமும் மேலே ஒரு குறுக்குக்கட்டையுமாக இருபதடி உயர வாசல் எழுப்பினான்; ஏணி பிடித்தது நான். மாட்டுக்குச் சூடு வைக்கும் கம்பியால் குறுக்குக்கட்டையில் வெர்னாவின் பெயரைப் பொறித்தான். நாற்பதாவது கல்யாண நாள் பரிசு. உயரமான வாசல் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் அதைப் பண்ணை என்றே மதிக்கமாட்டார்கள்.

ஏப்ரலில் பதினேழு கோழிகள் வந்தன. பருந்தும் வந்தது. உட்கார வேறு மரமில்லாததால் வெர்னாவின் பெயர்மேலேயே உட்கார்ந்தது. கோழிகள் சிதறிப்போயின. மறுநாளும் அதே கதை.

"வாசல எறக்கணும்னு அவன்கிட்ட நீயே சொல்லிடு," என்றாள் வெர்னா.

"உன் புருஷன். நான் எதுக்கு?"

"ஏணி பிடிச்சது யாரு?"

4

ஒரு முடிவு: ஆர்லோ உண்மை தெரிந்து அழுகிறான். (அழமாட்டான்.) இன்னொன்று: வெர்னா வாசலுக்காகக் கோழிகளை... இதை எழுதக் கை வரவில்லை.

நேற்று சொல்லிவிடத்தான் போனேன். ஆர்லோ ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பருந்தப் பாத்தியா?" என்றான் மெதுவாக. "வாசல எறக்கிடலாம்னு இருக்கேன். ஆனா அவ அத அவ்வளவு ஆசையா பாக்குறா. நீ கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

சமையலறையில் வெர்னா காபி ஊற்றும் சத்தம் நின்றது.

இவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் முடிவு எழுத முடியவில்லை. கோழிகளின் ஆட்டம் இன்னும் இரண்டு வாரம்தான். ஏணி என் வண்டியில் கிடக்கிறது. இந்த முறை நீங்கள் பிடியுங்கள்.