புதிதாய்ச் சேர்ந்த ஆட்டக்காரன்

"சிஸ்டம் கோப்பு இல்லை" என்று போன் மறுபடியும் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. லவீனா விடவில்லை. பழைய கேம் பெட்டியின் ஆட்டங்களைப் போனில் ஓட்டும் எமுலேட்டரை இறக்கியாயிற்று, பந்தாட்டத்தையும் இறக்கியாயிற்று. பெட்டிக்குள் இருந்த பயோஸ் என்ற அந்தச் சிஸ்டம் கோப்பு இல்லாமல் அசையமாட்டேன் என்று அது அடம்பிடித்தது.

அந்தக் கோப்பை டினேஸ் அண்ணை எப்போதோ இருவருக்கும் பொதுவான ட்றைவ் கணக்கில் ஏற்றி வைத்திருந்தான். அவன் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிய பிறகு அவள் அதைத் திறந்ததேயில்லை. படகு போய்ச் சேரவில்லை, உடலும் வரவில்லை. அதற்காகக் குருநகரில் ஒருவனைப் பூசையில்லாமல் விட்டுவிடுவார்களா? அவனுடைய பந்தாட்டச் சட்டையைச் சவப்பெட்டிக்குள் வைத்துச் சவக்காலையில் புதைத்தார்கள். இன்று கல்லறைகளில் திரி ஏற்றும் ஆத்துமாக்கள் திருநாள். அம்மா லூர்த்தம்மா கறுப்புச் சேலையோடு வாசலில் நின்றாள்.

"பிள்ளை, மெழுகுதிரி எடுத்தனியே?"

"ஓமம்மா, வாறன்."

கோப்பை எமுலேட்டர் கேட்ட இடத்தில் போட்டாள். ஆட்டம் திறந்தது. சேமித்த ஆட்டத்தையும் அதே கணக்கிலிருந்து இழுத்து வந்தது. அண்ணையும் அவளும் ஊராட்களின் பெயரில் உருவாக்கிய அணி. கிறிஸ்ரோபர் மாமா கோல் காப்பாளர், சுரேஸ் முன்வரிசை. கடைசியில் அவள் சேர்க்காத ஓர் ஆட்டக்காரன்: எமில்.

எமில் அவளுடைய மகன். அண்ணை போன பிறகு பிறந்தவன்.

சேமித்த திகதியைப் பார்த்தாள். நேற்று. கணக்கின் கடவுச்சொல் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணை உயிரோடு இருக்கிறான். பேஸ்புக்கில் பிள்ளையின் படத்தையும் பார்த்திருக்கிறான். இருந்து பந்து வேறு விளையாடுகிறான்! கும்பிடுவதா, செருப்பால் அடிப்பதா என்று தெரியவில்லை. மகனின் பெயரை அழித்து, அந்த இடத்தில் "அம்மா அழுறா" என்று ஆங்கில எழுத்தில் அடித்து அதே கணக்கில் சேமித்தாள். அம்மாவிடம் சொல்ல வாய் உன்னியது. அவன் பதில் வரட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

சவக்காலையில் கடற்காற்று அடித்தது. லூர்த்தம்மா கல்லறை முன் குந்தி, "என்ரை ராசா" என்று முனகியபடி தீக்குச்சியை உரசினாள். லவீனா போனைத் திறந்தாள்.

ட்றைவ் வெறுமையாக இருந்தது. அணியும் இல்லை, ஆட்டமும் இல்லை, பயோஸ் கோப்பும் இல்லை. எல்லாவற்றையும் இப்போதுதான் யாரோ அழித்திருந்தார்கள்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கையைப் பிடி, அணையப்போகுது."

லவீனா குனிந்து, சட்டை மட்டும் கிடக்கும் அந்தக் குழியின் மேல், திரியைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்தாள்.