கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

"வணக்கம் ஐயா, நீங்கள் பார்த்தது பாதிதான்" என்று பள்ளி வேன் ஓட்டுநர் போனில் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. மனைவி வைத்துவிட்டுப் போனதைக்கூட மனிதர் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலையிலிருந்து இதே வேலை. முகம் தெரியாத ஒருவர், வீடியோவுக்குக் கீழே, இவனையெல்லாம் உள்ளே தள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்கும் ஒரு வணக்கம். இன்னொரு அம்மாள் இவர் பிறப்பையே இழுத்திருந்தாள். அவளுக்கு 'அன்புச் சகோதரி' என்று ஆரம்பித்தார்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை வேனை விட்டு இறங்கிய வாண்டு ஒன்று, பென்சில் டப்பா உருண்டதென்று நடுரோட்டுக்குப் பாய்ந்தது. லாரி வந்தது. இவர் ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்ட காலரைப் பிடித்து இழுத்தார். இழுத்த பிறகுதான் பயம் வந்தது. பையனின் தோளைப் பிடித்து உலுக்கோ உலுக்கென்று உலுக்கி, தொண்டை கிழியக் கத்திவிட்டார். எதிர்மாடியிலிருந்து யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டது அந்த உலுக்கலிலிருந்துதான். அதற்குள் லாரி போயே போய்விட்டது.

பையனின் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார்.

"லாரி வந்துச்சுன்னு சொல்றீங்க, நம்பறேன்ணே," என்றாள் அவள். "ஆனா அந்த வீடியோவப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

இணையத்தைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கிடந்த மகளுக்கு வேலை கொடுத்ததே அதுதான். எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்காக, மிக்ஸி ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு உள்ளறையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் எழுதுகிறாள். வேன் எங்கே வருகிறதென்று பெற்றோர்கள் போனிலேயே பார்த்துக்கொள்வதால், வாசலுக்கு வாசல் ஹாரன் அடிக்கிற வேலையும் இல்லை. தெருக்காரர்களின் காது பிழைத்தது.

மகள் வந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நீங்க பதில் போடப் போட அந்த வீடியோ மேல ஏறி இன்னும் நாலு பேர் கண்ணுல படுது. விட்டுட்டா தானா அமுங்கிடும்."

"திட்றவங்களுக்கும் மரியாதையா பதில் சொல்லணும்னு நீதானம்மா சொன்ன?"

"அவங்களுக்கு மிக்ஸி வேணும்ப்பா. இவங்களுக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேணாம்."

அது அவர் மண்டையில் ஏறவில்லை. கேட்கிறவன் பதில் வேண்டித்தானே கேட்பான்? அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போனை எடுத்தார். இவர் வணங்கி வணங்கிச் சொல்லச் சொல்ல, வீடியோ ஊர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பொழுது சாய்கையில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. முடிவு எடுக்கும்வரை வேனை ஓட்டலாம். பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. இன்னொரு புகார் வந்தால் அதோடு சரி. "அப்படியே ஆகட்டுங்க ஐயா" என்று அதற்கும் பதில் போட்டார். இதுவும் போனால் இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

திங்கட்கிழமை வேன் கப்சிப்பென்று இருந்தது. எப்போதும் காட்டுக்கத்தல் கத்துகிற வாண்டுகள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தன. அது அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

மாலை, முதல் நிறுத்தத்தில் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். குட்டிப்பெண் ஒருத்தி தொப்பென்று குதித்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்பதைப் பார்த்ததுதான் தாமதம், பையைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினாள். அவர் கை தானாக நீண்டது.

அம்மாவின் கையில் போன் இருந்தது, முகத்துக்கு நேராக. படம் எடுக்கிறாளா, வேன் வந்ததா என்று பார்க்கிறாளா, தெரியவில்லை.

நீட்டிய கை சிறுமியின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. "நில்லு கண்ணு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

வளைவில் ஒரு பைக் திரும்பியது. குட்டிப்பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரோட்டில் கால் வைத்தாள்.