முதல் பாட்டில் வரும் அலை

"அண்ணன் நெஞ்சு மேல வெச்சி அனுப்பணும்யா. உசுரா வெச்சிருந்தது..."

"கொளுத்துறதுக்கா? அரிகரா, இது லண்டன்ல..."

"எங்க அடிச்சிருந்தா எனக்கு இன்னா..."

"மொத பதிப்புப்பா. தெரிஞ்சிக்கினு பேசு."

"எங்க அண்ணன் சாமானுக்கு நீ யாருய்யா நடுவுல?"

பலராமன் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலேயே கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். ஒருவன் அவருடைய தம்பி அரிகரன். மற்றவர் வில்லியனூரிலிருந்து வந்திருந்த புகழேந்தி வாத்தியார். சண்டைக்குக் காரணமான இசைத்தட்டு அட்டையோடு வாத்தியாரின் அக்குளில் இருந்தது.

கனகாம்பாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை சட்டையை நனைத்து அட்டையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் துடைத்து வைக்கிற அட்டை. விடிந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. குமட்டல்தான் வந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்துக்காரன் ஒரு கூட்டமாகச் சேர்ந்து கிட்டாரும் டிரம்ஸுமாகப் போட்ட முதல் தட்டு அது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு சொல்தா, ஊரில் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டதற்காகப் பலராமனுக்குக் கொடுத்தார், தட்டு போடுகிற பெட்டியோடு. கரியமாணிக்கத்தில் கரும்பு வெட்டிவிட்டு வந்து, காலைக் கழுவாமல்கூட அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார் மனுஷன்.

அப்புறம் இவர்கள் வந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு. வாத்தியார், பாகூர் ஆரோக்கியம், இன்னும் இரண்டு பேர். தட்டைக் கேட்டு ரசிக்கிற கூட்டமாம். கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் சுட்ட முறுக்கு உள்ளே போகும். குடித்த தம்ளரில் சிகரெட் சாம்பல் வெளியே வரும். ஒரு தடவை சாம்பலோடு வெட்டிப்போட்ட நகமும் கிடந்தது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். முதல் பாட்டு தொடங்கியதும் உள்ளே ஒரு சத்தம் எழும். "ஆங், வருது பாரு, வருது பாரு." உடனே ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும். இவர்கள் வருவதற்கு முந்தின வருஷம், சித்திரை மாசத்துக் கோடை மழையில் தளம் ஒழுகித் தட்டு நனைந்தது. மறுநாள் மாடியில் வடகம் காய வைத்த பாயிலேயே, ஓரமாக அதையும் காய வைத்தாள். நனைந்ததைக் காய வைக்காமல் வேறு என்ன செய்வார்கள்? உச்சிவேளைக்குப் போய்ப் பார்த்தால், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது. கழனியிலிருந்து வந்த பலராமன் அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வடகம் காஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாசம் இரண்டு நெல்மூட்டைக்கு அடியில் கிடந்து தட்டு நிமிர்ந்தது. ஆனால் ஓரத்து நெளிவு போகவில்லை. ஊசி மேலே ஏறி இறங்க, முதல் பாட்டில் பாடுகிறவன் குரல் ஏரித்தண்ணி மாதிரி அலைந்தது. உள்ளே போகப் போகச் சரியாகிவிடும்.

அதைச் சொல்லிச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள், இந்த மனுஷன் பொண்டாட்டியின் லட்சணத்தைச் சபையில் வைத்துவிட்டார் என்று, முப்பது வருஷம் அடுப்படியில் காது எரிய நின்றிருக்கிறாள். புருஷனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவே அருவருப்பாக இருந்தது.

ஆரோக்கியம் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸைக் கண்ணாடிப் பெட்டியின் மேல், சரியாகப் பலராமன் முகத்துக்கு நேராக வைத்தார். போனை எடுத்து நோண்டினார்.

"அண்ணனுக்காவ ஒரு தபா போட்டுடலாம்பா."

சாவு வீட்டில் கிட்டார் கிளம்பியது. வந்திருந்த பொம்பளைகள் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்தார்கள். அதே தட்டின் முதல் பாட்டு, போனில். குரல் கொஞ்சங்கூட ஆடாமல், கோடு கிழித்தாற்போல் நேராகப் போனது.

"பாத்தியா? அலை இல்ல," என்றார் வாத்தியார். "புதுசா போடுறவனுங்க இஸ்திரி போட்டுட்டானுங்க. கொரல அப்பிடி அலைய வுட்டுப் பாடுனான் பாரு, அது இந்தத் தட்டுல மட்டுந்தாம்பா இருக்குது. அந்த அலையப் பத்தி முப்பது வருசமா எழுதிகினு வரேன். எவனுக்கும் புடிபடல. மேதைடா அவன். பலராமன்கூட அந்த எடம் வந்தா ஒண்ணும் பேச மாட்டாரு. கண்ண மூடிகினு சிரிப்பாரு."

கனகாம்பாள் முந்தானையால் பெட்டியின் மேல் டீ வட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"இப்ப சொல்லு அரிகரா, இத போயி நெருப்புல வெப்பியா?"

அரிகரனுக்கு அலுத்துவிட்டது. கரையாம்புத்தூரிலிருந்து அண்ணியின் பிறந்த வீட்டார் கோடித்துணியோடு வந்து இறங்கிவிட்டார்கள். மேளக்காரர்கள் வேறு அவசரப்படுத்தினார்கள்.

"எடுத்துகினு போய்யா. ஒரு தட்டுக்காவ பொணத்த வெச்சிகினு எத்தினி நேரம் நிக்கிறது?"

"அண்ணிய ஒரு வார்த்த கேட்டுக்கலாமே," என்றார் ஆரோக்கியம்.

"அண்ணிக்கு இதுல இன்னா தெரியும்? பாவம், அடுப்படியத் தாண்டி வந்ததில்ல," என்று வாத்தியார் அட்டையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

கனகாம்பாள் முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். "குடு, வாத்தியாரே."

"பத்திரமா வெச்சிப்பம் அண்ணி. எங்க கூட்டத்துல..."

"குடுன்றேன் இல்ல."

கொடுத்தார். அட்டையின் ஈரத்தைப் புடவையில் ஒற்றி எடுத்துவிட்டு, தட்டை வெளியே இழுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில், விளிம்பை மட்டும் தொட்டு, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்தாள். வாத்தியாரும் ஆரோக்கியமும் குனிந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. போனில் பாட்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"வடகத்தோட சேத்து வெயில்ல காய வெச்சிட்டேன். அதான் அந்த அலை." அவள் பார்வை தட்டைத் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், திரும்பி வாத்தியாரிடம் வந்தது. "இத்தினி வருசத்துல அவரு ஒங்களாண்ட சொல்லவேயில்லியா?"