பதினான்காம் எண் உள்பாவாடை

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் 'சரித்திரம்'. நாற்பது வருடம் குளியலறை டைல்ஸும் பீங்கானும் விற்றவர். கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், "பழசையெல்லாம் உடைச்சுத் தள்ளுங்க, புதுசாப் போட்டுத் தர்றேன்" என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் பேச்சு. கடையை மூடிய மறு வருடம் எங்கள் தெருவைப் பாரம்பரியப் பகுதி என்று நகர நிர்வாகம் அறிவித்தது. ஒரே வாரத்தில் மனிதர் மாறிவிட்டார். கழுத்தில் ஒரு பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டார். சுவரைத் தடவாமல் பேசுவதை விட்டுவிட்டார்.

அவருடைய மேல்வரிசைப் பற்கள் நான் செய்தவை. தெருமுனைப் பல் டாக்டரின் பட்டறையில் பல் செட் செய்வது என் வேலை. ஆகையால் அவர் சிரிக்கும்போது அதில் அசல் எவ்வளவு, ஒட்டு எவ்வளவு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

மாடி வீட்டைப் பார்க்கப் போன அன்றே என் வீட்டுக்காரர், அதாவது என் கணவர், கையிலிருந்த சாவிக்கொத்தைத் தவறவிட்டார். அது தானாகச் சறுக்கி எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"தரை சாயுதே சார்?"

"சாயல தம்பி. காலம் அப்படிப் படுத்திருக்கு."

"குழாயைத் திறந்தா ஊளையிடுது."

"அந்தக் காலத்துக் குழாய். அதுக்குன்னு ஒரு குரல் இருக்கு."

"குளியலறைக் கதவு சாத்தவே மாட்டேங்குதே?"

இதற்கு அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "அந்தக் காலத்து மனுஷங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் இருந்ததில்ல" என்றார்.

இந்தக் காலத்து மனிதர்களான எங்களுக்கு ஒளிக்க நிறைய இருந்ததால், குடிவந்த முதல் வாரமே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கதவு நாலு விரற்கடை திறந்தேதான் நிற்கும். எனவே உள்ளே இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் முணுமுணுப்பேன். கணவர் தமக்குத் தெரிந்த ஒரே பாட்டின் ஒரே வரியை, தண்ணீர் தீரும்வரை திரும்பத் திரும்பப் பாடுவார். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அத்தைக்குப் பாட்டு வராது. தன்னோடு சண்டை போட்ட சொந்தக்காரர்களை வயது வரிசைப்படி திட்டுவார். அத்தை சின்ன மைத்துனி வரை வந்துவிட்டால் குளியல் முடிகிறது என்று அர்த்தம்.

இத்தனை கோணலையும் நாங்கள் சகித்துக்கொண்டதற்குக் காரணம் தெருதான். ரொட்டிக்கடை கீழே. மருந்துக்கடை எதிரே. நூலகத்துக்கு இரண்டு திருப்பம். என் பட்டறைக்கு நாலு நிமிஷ நடை, வழியில் யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டால். கொடுப்பார்கள், ஆகவே இருபது நிமிஷம். எல்லாவற்றுக்கும் மேலாக அத்தை. அவருக்குப் பஸ் ஆகாது. பெற்ற பிள்ளை பஸ் ஓட்டுகிறான். அவன் ஓட்டிய பஸ்ஸில் அத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஏறினார். மூன்றாவது நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவ வேண்டியதாயிற்று. டிப்போவில் இன்னும் அந்தக் கதையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். நடந்து போகக்கூடிய தூரம்தான் அத்தையின் உலகம். அந்த உலகம் முழுக்க இந்தத் தெருவில் இருந்தது.

வாடகை ஒப்பந்தத்தில் பதினொரு நிபந்தனைகள். ஆணி அடிக்கக் கூடாது, கட்டிலை இழுக்கக் கூடாது என்று போய், நாலாவது நிபந்தனை தெருப்பக்க ஜன்னலில் துணி உலர்த்தக் கூடாது. "முகப்பு கெட்டுப் போயிரும்" என்றார் சரித்திரம். நாங்கள் பின்பக்கப் படிக்கட்டில் உலர்த்தினோம். அங்கே வெயில் வராது. துணி காயாது, சலித்துப்போய் ஈரத்தை விடும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வீடு வீடாக வருவதாகச் செய்தி வந்தது. தேறும் வீட்டுக்கு வாசலில் பித்தளைப் பலகை பதிப்பார்கள். சரித்திரம் பித்தளை பாலிஷை அப்போதே வாங்கி வைத்துவிட்டார். பலகை ஒன்றுதான் பாக்கி.

குழு வருவது மாலை நாலு மணிக்கு. முந்தின நாள் மாடிக்கு வந்து எங்களுக்கு உத்தரவு போட்டார். "எல்லாரும் வீட்டுல இருங்க. ஆனா இருக்கிறது தெரியக் கூடாது."

"மூச்சு விடலாமா?" என்றார் அத்தை.

"பெரியம்மா, விளையாடாதீங்க."

அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அத்தை வெடித்தார். "எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. பெரியம்மாவாம், பெரியம்மா!"

மூன்று நாளாக அடைமழை. கணவரின் இரண்டு காக்கிச் சட்டைகளும் ஈரம். குழு வரும் நாளன்று மதியம் அவருக்கு வேலை. அன்று காலை பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில் அடித்தது, அதுவும் தெருப்பக்க ஜன்னலில் மட்டும். அத்தை ஜன்னலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தானே வர்றாங்க? மூணு மணிக்கு எடுத்துரலாம். சட்டை மட்டும்தான்" என்றார்.

சட்டைக்குத் துணையாக ஒரு கோடு போட்ட துண்டு. துண்டுக்குத் துணையாகத் தன் ஆரஞ்சு நிற உள்பாவாடை. கயிற்றில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்ததால் ஜோடி தொலைந்த காலுறை ஒன்று. வெயிலை வீணாக்குவது அத்தைக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி.

குழு பதினொரு மணிக்கே வந்துவிட்டது.

தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். கையில் தடி இருந்தது. ஊன்றுவதற்கு இல்லை, சுட்டிக்காட்டுவதற்கு. பின்னால் ஒல்லியாக ஒரு எழுத்தர், நோட்டும் பேனாவுமாக. இந்த எழுத்தரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போன வருடம் வேறொரு தெருவில், கதவைத் தட்டும் பித்தளை வளையம் ஒன்றைப் பட்டியலில் எழுத மறந்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரன் அதைக் கழற்றி விற்றுவிட்டான். தலைவர் இவரை நாலு பேர் முன்னால் வறுத்தெடுத்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எதையும் எழுத்தர் விடுவதில்லை.

கீழ்க்கூடத்தில் தலைவர் குனிந்து தரையைத் தடியால் தட்டினார். "நூறு வருஷமாவது இருக்கும். இந்த நீலம் இப்ப வராது" என்றார். அது சரித்திரம் கடை மூடியபோது விற்காமல் மிச்சமான டைல்ஸ். அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, அடக்கமாகச் சிரித்தார். என் கைவேலை முழுக்கத் தெரிந்தது.

பிறகு முகப்பைப் பார்க்கத் தெருவுக்கு இறங்கினார்கள். நான் ஜன்னலுக்கு ஓடினேன். நேரம் கடந்துவிட்டது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் உள்பாவாடை கொடி மாதிரி படபடத்தது. தலைவரின் தடி பாதி எழும்பி இறங்கியது. சரித்திரத்தின் முகம் கடைசியாக அப்படி இருந்தது, நான் அவருக்குப் பல் அச்செடுக்க வாய் நிறைய மாவை அடைத்த அன்று.

மாடிக்கும் வந்தார்கள். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். ஆள் வரும் சத்தம் கேட்டால் வழக்கப்படி குரலை உயர்த்த வேண்டும், உயர்த்தினார். அதே வரி. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி நடந்தார். எழுத்தர் மட்டும் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, எழுதிக்கொண்டு போனார்.

குழு தெருமுனை திரும்புவதற்குள் சரித்திரம் மாடி ஏறிவிட்டார்.

"நாலாவது நிபந்தனை!"

"நாலு மணின்னுதானே சொன்னீங்க?" என்றேன்.

"சரித்திரம் கடிகாரம் பாத்தா வரும்? முப்பது நாள். வீட்டைக் காலி பண்ணிருங்க."

"ஒரு பாவாடைக்கா?"

"ஏம்மா, ஒரு பாவாடையா அது? ஒரு பலகை போச்சும்மா எனக்கு!"

அன்று சாயங்காலம் அத்தை யாரையும் திட்டாமல் குளித்தார். வெளியே நின்ற எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நடந்து போகும் தூரத்தில் வேறு வீடு தேடினோம். பாரம்பரியம் வந்த பிறகு தெருவில் மனிதர் குடியிருக்கும் மாடிகள் குறைந்து, காபி குடிக்கும் மாடிகள் கூடியிருந்தன. டிப்போ குடியிருப்பில் இடம் இருந்தது. புறவழிச்சாலைக்கு அப்பால், இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே தரை சாயாது, கதவு சாத்தும், ரொட்டிக்கடைக்கு மூணு கிலோமீட்டர்.

அத்தை வீம்பாகச் சொன்னார்: "பழகிக்கிறேன். தினம் ஒரு நிறுத்தம் வீதம் பழகினா வந்துராதா?" முதல் நாள் ஒரு நிறுத்தம் போனார். நடந்து திரும்பி வந்தார். இரண்டாம் நாள் நிறுத்தத்தில் நின்று, பஸ் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் பெட்டி கட்ட உதவுவதாகச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். கணவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாதிரி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறாம் நாள் பலகை வந்தது. சரித்திரத்துக்கே நம்ப முடியவில்லை. கீழே நாற்காலி போட்டு, தெருவையே கூப்பிட்டுவிட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தோம். பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டிகள்.

பலகை பதிக்கும் முன் பட்டியலைச் சபையில் வாசிக்க வேண்டும் என்பது குழுவின் விதி. தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தாரே தவிர, படித்துப் பார்த்திருக்கவில்லை. அது முதல் நிமிஷத்தில் தெரியவில்லை. கம்பீரமாக ஆரம்பித்தார். எண் ஒன்று, வாசற்கதவு. எண் ஐந்து, நீலத் தரை, தொன்மையானது. எதிரே கொத்தனார் ஒருவர் இருமினார். அந்த டைல்ஸைப் பதித்தவர் அவர். எண் பதின்மூன்று, மாடி ஜன்னல், மரம். அடுத்து ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"எண் பதினான்கு. மேற்படி ஜன்னலில் கயிறு. கயிற்றில் காக்கிச் சட்டை ஒன்று, கோடு போட்ட துண்டு ஒன்று, ஆரஞ்சு நிற உள்..."

நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் நேராகப் பார்த்தார். போன வருடம் வறுபட்டவர் பார்க்கிற பார்வை.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நூறு பேர் முன்னால் சொல்லும் பேராசிரியர் இன்னும் பிறக்கவில்லை.

"உள்பாவாடை ஒன்று!" என்று முழங்கினார். "நண்பர்களே, இதை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறோம். கல்லும் மரமுமா பாரம்பரியம்? வாழ்கிற மனிதர்கள்! மாடியில் ஒரு குடும்பம், ஜன்னலில் அவர்கள் துணி. இது வாழும் பாரம்பரியம்!"

ரொட்டிக்கடைக்காரர் முதலில் கைதட்டினார். பிறகு தெருவே தட்டியது. தலைவருக்குத் தன் பேச்சின் மேல் தனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "ஆகவே வீட்டுக்காரர் கவனிக்க வேண்டும். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் பலகை திரும்பிப் போகும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம்!"

சரித்திரம் மெதுவாக நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அத்தை கை அசைத்தார்.

பலகையில் திருகாணி முறுக்கும் சத்தம் நிற்பதற்குள் கதவு தட்டப்பட்டது. குடிவந்ததிலிருந்து அவர் எங்கள் கதவைத் தட்டியது அதுவே முதல் முறை.

"என்னம்மா, பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க? ஒரு கோபத்துல ஏதோ சொன்னா, அதைப் போய்..."

"முப்பது நாள்னீங்க. இன்னும் நாலு நாள் இருக்கு. அவசரமா?" என்றார் அத்தை.

"பெரியம்மா..."

"யாருக்குப் பெரியம்மா?"

"தங்கச்சி" என்றார் சரித்திரம், பல்லைக் கடித்து. அது கடிபடும் சத்தத்தில் ஒரு பல்லுக்குத் திரும்பவும் வேலை வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க எங்கயும் போக வேணாம். புதுசா ஒப்பந்தம் எழுதிக்கலாம். பத்து வருஷத்துக்கு."

"நாலாவது நிபந்தனை?"

"அடிச்சுட்டேன். அதாவது, திருத்திட்டேன்." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். 'உலர்த்தக் கூடாது' இருந்த இடத்தில் 'உலர்த்தியே ஆக வேண்டும்' என்று இருந்தது.

அத்தை காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, வேண்டுமென்றே மெதுவாகப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். "சரி, இருக்கோம். ஆனா அந்தக் குளியலறைக் கதவைச் சரிபண்ணிக் குடுங்க. இந்த வயசுல நான் எத்தனை பேரைத்தான் திட்டுறது?"

சரித்திரம் பட்டியலைப் பிரித்தார். அவர் முகத்தில் முதல் முறையாக உண்மையான துக்கம் தெரிந்தது.

"அது முடியாதும்மா. எண் பதினேழு. 'குளியலறைக் கதவு. சாத்தாது. உள்ளிருந்து ஆண் குரலில் பாட்டு, ஒரு வரி மட்டும்.'"

கணவர் எட்டிப் பார்த்தார். "அப்ப நான் வேற பாட்டுக் கத்துக்கக் கூடாதா?"

"தயவுசெஞ்சு கத்துக்காதீங்க தம்பி."

கயிற்றை அவிழ்த்துப் பெட்டிகளைத் திறந்தோம். அவிழ்த்த கயிற்றில் நீளமானதை அத்தை தனியாக எடுத்து ஜன்னலில் கட்டினார்.

இப்போது வாரந்தோறும் சரித்திரம் வெளியூர்க்காரர்களைத் தெருவில் நடத்திக் கூட்டி வருகிறார். நீலத் தரையை வேகமாகக் கடந்து, ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, கால் மணி நேரம் பேசுகிறார். பழைய உள்பாவாடை நைந்து போனபோது, அதே ஆரஞ்சு நிறத்தைத் தேடி ஏழு கடை ஏறி இறங்கியவர் அவர்தான். பட்டியலில் ஏறியிருந்த ஒற்றைக் காலுறையின் ஜோடி ஒருநாள் கட்டிலுக்கடியில் அகப்பட்டது. அதை யாரிடமும் காட்டக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அவர் கூட்டத்தோடு வந்து நின்றபோது கயிறு வெறுமையாக இருந்தது. நான் பட்டறையிலிருந்து சாப்பிட வந்துகொண்டிருந்தேன். பேச்சு பாதியில் நின்றுவிட்டது. தொலைவில் தடியோடு வந்த யாரோ ஒருவரைப் பார்த்து அவர் வெளிறிப் போனார்.

"தங்கச்சீ! துணி எங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

அத்தை நுரை வழியும் கையோடு ஜன்னலுக்கு வந்தார்.

"ஏன் பறக்குறீங்க? பாரம்பரியம் இன்னும் சோப்புத் தண்ணியில ஊறிக்கிட்டு இருக்கு!"