பூச் செருகிய வேப்பிலை

வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்த விழுதைப் புருஷன் நல்லகண்ணுவின் நெஞ்சில் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அவன் மூச்சு மாறியிருப்பது ராமுத்தாய்க்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து ஒரு மூச்சு வெளியே வந்தது. அடுத்தது வருமா என்று தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

தெருவில் பிள்ளைகள் கூச்சல். மார்கழி கடைசி நாள், காப்புக்கட்டு. விடிந்ததிலிருந்து கண்மாய்க்கரைக்கும் ஊருக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து நாரால் கட்டிக் கூரை முகப்பில் செருக வேண்டும். அப்புறம் மாட்டுத்தொழுவம், கிணற்றுமேடு, வண்டி நுகத்தடி. போன வருஷம் மகள் பூமாரி ஆட்டுக்குட்டி கழுத்திலும் ஒன்று கட்டிவிட்டு, அது அதைத் தின்றுவிட்டதென்று அரைநாள் அழுதாள். வாசல் காப்பை மட்டும் நல்லகண்ணு அவளைத் தோளில் ஏற்றிச் செருகவைத்தான். தெருவிலேயே தன் காப்புதான் உயரம் என்று அந்த ஏழு வயசுக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த வருஷம் ராமுத்தாய் வீட்டு வாசலில் பத்து நாளாகவே வேப்பிலை தொங்குகிறது. பூ இல்லாத வெறும் வேப்பிலை. உள்ளே அம்மை போட்டிருக்கிறது, நிலைப்படி தாண்டாதே என்று அதற்கு அர்த்தம். முத்து இறங்கி, மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிய பிறகுதான் அது வாசலை விட்டு இறங்கும்.

மலைமேல் துரைமார் கட்டுகிற அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போன வண்டியில், மாடுகளே வழி கண்டுபிடித்து நல்லகண்ணுவைக் கொண்டுவந்து சேர்த்தன. உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் முத்துக் கண்டது. ராமுத்தாய்க்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு, முகமெல்லாம் தழும்பு. ஒரு தரம் வந்தவளுக்கு மறுபடி வராது என்று அவளே பக்கத்தில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது, மற்றப் பெண்கள் பிள்ளைகளைச் சோளக்காட்டில் ஒளித்துவைத்தார்கள். நல்லகண்ணு சொன்னானென்று இவள் மட்டும் பூமாரியின் கையை நீட்டினாள். தெருவே அதற்குச் சிரித்தது. ஆனாலும் பிள்ளையை உள்ளே வைத்திருக்கப் பயந்து, எதிர்வீட்டு அக்கம்மாளிடம் விட்டிருந்தாள். அக்கம்மாள் தன் ஆறுமாதக் குழந்தை கர்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டே பூமாரிக்கும் சோறு போட்டாள். தினமும் ஒரு கலயம் கஞ்சியை முற்றத்தின் ஓரத்தில் வைத்து, குரல் கொடுத்துவிட்டுப் போவாள்.

அடுத்த மூச்சு வரவில்லை.

ராமுத்தாய் அவன் கண்களை மூடினாள். தொண்டைவரை ஏறிவந்த அலறலை முந்தானையால் அடைத்தாள். அம்மையாய் வந்த ஆத்தா கொண்டுபோன வீட்டில் ஒப்பாரி ஆகாது. சத்தம் கேட்டால் பூமாரி ஓடிவந்துவிடுவாள் என்ற பயம் வேறு. சுவரில் சாய்ந்து, துணியைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது.

"தண்ணி ஊத்திட்டீகளாக்கா? வாசல்ல பூவப் பாத்ததுமே ஓடியாந்தேன்."

அக்கம்மாள் உள்ளே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு கிண்ணம் வெல்லம். அதைப் பிடிக்கத் தோதாகக் குழந்தையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி உட்காரவைத்திருந்தாள். கர்ணன் கட்டிலிலிருந்து தொங்கிய வேட்டியின் நுனியை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

ராமுத்தாய் தவழ்ந்துபோய்க் குழந்தையின் வாயிலிருந்து துணியைப் பிடுங்கினாள். பிறகுதான், தன் கைகளும் நல்லகண்ணுவைத் துடைத்த கைகள் என்று நினைவு வந்து பின்வாங்கினாள்.

"தூக்கிட்டு ஓடு அக்கம்மா. அவுக போயிட்டாக."

அக்கம்மாள் கட்டிலைப் பார்த்தாள். கிண்ணம் கீழே விழுந்தது. குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.

ராமுத்தாய் வாசலுக்கு வந்தாள். கூரை முகப்பில் அவள் கட்டிய வேப்பிலைக்கு நடுவே மஞ்சளாக ஆவாரம்பூ, வெள்ளையாகப் பூளைப்பூ. தெருவில் மற்ற எல்லா வீட்டையும் போலவே இருந்தது. கீழே கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை. தெருவின் அந்தப் பக்கம் பூமாரி, எண்ணெய் வைக்காத தலையோடு நின்றாள்.

"நம்ம வீட்ல மட்டும் பூ இல்லாம இருந்துச்சுத்தா. கூடையில ஏறி நானே சொருகுனேன். அப்பா பாத்தாகளா?"

அடிக்கத்தான் கை எழுந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றாள். எழுந்த கையால் ராமுத்தாய் தன் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"பாத்தாக தாயி. கிட்ட வராத. அங்கனயே நில்லு."

பிறகு பூக்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். எடுத்து என்ன ஆகப்போகிறது?

ஆத்தா எடுத்துக்கொண்ட உடம்பை எரிப்பதில்லை. அம்மைத் தழும்புள்ள நாலு ஆண்கள் வந்து, மேளமில்லாமல் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். அன்று மாலையே அக்கம்மாளின் புருஷன் பூமாரியை முற்றத்தின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டுப் போனான். அணைந்த அடுப்பும் வெறும் கட்டிலுமாகக் கிடந்த வீட்டுக்குள் பிள்ளையைக் கூட்டிப் போகாமல், ராமுத்தாய் தொழுவத்திலேயே அவளோடு படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பொங்கல். தெருவில் குலவைச் சத்தம் அடங்கியபின், அக்கம்மாள் தன் வாசலிலிருந்தே கேட்டாள்.

"பூவ யாரு சொருகுனது?"

பூமாரி தொழுவத்துக்குள் கன்றுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நாந்தான். நல்ல நாளாச்சேன்னு புத்திகெட்டுப் போயிச் சொருகிட்டேன்."

அக்கம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அக்கம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு கஞ்சிக் கலயம் வரவில்லை.

ராமுத்தாய்க்குப் புருஷனை நினைத்து அழக்கூட முடியவில்லை. பயம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் எதிர்வாசலைத்தான் பார்த்தாள். குழந்தை அழுதால், பசியா, காய்ச்சலா என்று காதைக் கூர்மையாக்கினாள். சிரித்தால் அந்தப் பொழுது நிம்மதி. பத்தாம் நாள் கர்ணன் வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டதைப் பார்த்து, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாளிலிருந்து குழந்தையை வெளியே காணவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, கண்மாயில் தலைமுழுகி, பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு ராமுத்தாய் தெருவுக்குள் நுழைந்தாள். வீட்டுக்கு வீடு காப்பு காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. ஆவாரம்பூ கறுத்துச் சுருண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூரை முகப்பில் மட்டும் பச்சை வேப்பிலை, அப்போதுதான் ஒடித்தது. காம்பில் ஈரம் தெரிந்தது.

பூமாரி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை வீட்ல புதுசாக் கட்டியிருக்காகத்தா. ஆனா பூ வைக்க மறந்துட்டாக. நான் போயிப் பறிச்சாரட்டா?"

ராமுத்தாயின் பிடி இறுகியது. பிள்ளை வலியில் முகத்தைச் சுளித்தாள். பிடியைத் தளர்த்தி, அவளைத் தங்கள் வீட்டு முற்றத்து உரல்மேல் உட்காரவைத்தாள்.

"வேணாம் தாயி. ஆத்தா வாற வரைக்கும் இங்கனயே இரு. எறங்காத."

ஈரச்சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் கால் தயங்கியது. குனிந்து, வேப்பிலைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள்.

தரையில் விரித்த துணியில் கர்ணன் கிடந்தான். பக்கத்தில் அக்கம்மாள். இவள் நிழல் விழுந்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.