வாசலின் இடது தோள்

இஸ்ஃபஹானில், தர்தஷ்த் பேட்டையில், ஓடு பதிக்கிற நவ்ரூஸ் அலிக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாண ஆசை வந்தது. வந்ததில் தப்பில்லை. பெண் கேட்டு அனுப்பிய இடம்தான் பேட்டையையே வாயைப் பிளக்க வைத்தது. தூபா விதவை. வீட்டிலிருந்தபடியே சூளைக்கு ஓட்டில் பூ எழுதிக் கொடுப்பவள். யார் பெண் கேட்டு வந்தாலும் ஒரு டீயைக் கொடுத்து, வாயில் போட்ட சர்க்கரைக் கட்டி கரைவதற்குள் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவாள். ஆறு வருஷத்தில் நாலு பேர் அப்படித் திரும்பியிருந்தார்கள்.

நவ்ரூஸின் அக்காவுக்கு மட்டும் இரண்டாவது டீ கிடைத்தது. "உங்க தம்பி வீட்டு வாசல் முடியட்டும், சொல்றேன்" என்றாளாம் தூபா. அக்கா அதை வந்து சொன்ன அன்று நவ்ரூஸ் சாப்பிட்டது என்னவென்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அவனே கட்டிய வீடு அது. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு மாதுளை மரம். பாக்கியிருந்தது வாசல் வளைவின் இரண்டு தோள்கள்தான். வளைவு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேலே, சதுரச் சட்டத்துக்குள், இடமும் வலமும் முக்கோணமாக இடம் மிஞ்சும். எங்கள் ஊரில் அதற்குப் பெண்கள் மடித்துக் கட்டுகிற தலைத்துணியின் பெயரையே வைத்திருக்கிறோம். கட்டடம் நிற்க அந்த இடம் ஒன்றும் பண்ணுவதில்லை. ஆனாலும் அதைச் சும்மா விட்டால் ஊர் உங்களைச் சும்மா விடாது.

அளவெடுத்துக்கொண்டு அவனே தூபா வீட்டுக்குப் போனான். காது நுனிவரை சிவந்துபோய், கொடியும் பூவும் பக்கத்துக்கு ஒரு குருவியும் வேண்டும் என்று மென்று விழுங்கிச் சொல்லிவிட்டு வந்தான். குருவிகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வளைவின் உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்க்கும். வேறு எதைப் பார்க்கப்போகிறது?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு தோளையும் தனித்தனியாக வரைகிற பைத்தியக்காரர் யாரும் இங்கே இல்லை. ஒன்றை வரைவார்கள். கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போவார்கள். காகிதத்தை ஓட்டின் மேல் விரித்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். அதே காகிதத்தைக் குப்புறப் போட்டுத் தட்டினால் அடுத்த தோள் ரெடி. குருவிக்கு மட்டும் உள்ளங்கையளவு தனிக் காகிதம். ஒரே குருவி எந்தக் கொடியிலும் உட்காரும் என்பதால் அப்படி. அதையும் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெந்த ஓடுகள் வைக்கோலுக்குள் பொதிந்து கழுதைமேல் வந்து சேர்ந்தன. நவ்ரூஸ் பின்பக்கக் குறிகளைப் பார்த்து முற்றத்தில் வரிசையாக அடுக்கினான். வலது தோளின் குருவி உச்சியைப் பார்த்து அலகைத் தூக்கியிருந்தது. பார்த்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இடது தோளை அடுக்கினான். கொடி சரி, பூ சரி. குருவி மட்டும் தன் ஜோடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது.

ஓட்டை மாற்றி வைத்துப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். நெருப்பில் வெந்த சாயம், நகருமா? இருபது வருஷமாக ஓடு எழுதுகிறவள் உள்ளங்கையளவு காகிதத்தைத் திருப்ப மறப்பாளா? சின்னக் குழந்தைகூட மறக்காதே. அப்படியென்றால் இதுதான் பதில். முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல் ஓட்டில் எழுதி அனுப்பிவிட்டாள். நவ்ரூஸ் கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவினான். கழுவக் கழுவக் கண் நனைந்துகொண்டே இருந்தது.

பத்து நாள் போயிற்று. தூபாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இவனும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. இடது பக்கத்து வீட்டில் ரொட்டி சுடுகிற, யாத்திரை போய்வந்து 'மஷ்தி' பட்டம் வாங்கிய மஷ்தி ஹபீபுக்கு விஷயத்தை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது, அடுத்தவன் வைத்துக்கொண்டாலும் பொறுக்காது. ஒருநாள் காலையில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கறந்துவிட்டான். முதுகு காட்டுகிற அந்தக் குருவி விழுந்த இரண்டு ஓட்டையும் எடுத்துவிட்டு வெறும் நீல ஓடு பதித்துத் தொலை என்றான். அது வேண்டாமென்றால் நேரே போய்க் கேட்டுவிடு என்றான்.

"ஏம்ப்பா, வாயில என்ன ரொட்டியா அடைச்சிருக்கு?"

"கேட்டா இல்லன்னு வாயாலயே சொல்லிடுவாங்க, மஷ்தி. இப்ப ஓடு மட்டும்தானே சொல்லியிருக்கு" என்றான் நவ்ரூஸ்.

அன்றைக்கே சுண்ணத்தைக் குழைத்தான். வலது தோளை முடித்து, மறுநாள் இடது தோளையும் முடித்தான். அந்த முதுகு காட்டிய குருவியைத்தான் ரொம்ப நேரம் ஈரத்துணியால் துடைத்தான். இறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கோடு போட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்கிறவள் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டாள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் சிந்திய சுண்ணத்தைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்த நவ்ரூஸுக்குத் தூபா தெருமுனையில் வருவது தெரிந்தது. தலைப்போர்வையின் நுனியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையிலும் ஒரு துணிமூட்டையை ஏந்திக்கொண்டு விடுவிடுவென்று வந்தாள். வாசலுக்கு எதிரே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இதைப் பாத்துட்டா பதிச்சீங்க?"

"பாத்துட்டுத்தான்."

"என்னன்னு நெனச்சு?"

நவ்ரூஸ் கையிலிருந்த சுண்ணத்தைச் சுரண்டினான். "உங்க பதில்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஓடு சூளைக்குப் போன பிறகு, குருவிக் காகிதத்தை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தாளாம், ஒரு பக்கம் மட்டும்தான் கரி படிந்திருந்தது. உடனே வேறு குருவி எழுதி, அடுத்த சூளை வேகும்வரை வெளியே தலை காட்டவில்லை.

"இவர் வீட்டு வாசலாச்சே, இவர் வீட்டு வாசலாச்சேன்னு நெனச்சுக்கிட்டே எழுதினேன். திருப்ப மறந்துட்டேன்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா என் காலடியிலயே போட்டு உடைச்சிருப்பார். ஒரு கோடு பிசகினாக்கூட உடைப்பார். நீங்க, மாட்டேன்னு சொல்லிட்டேன்னு நெனச்சும் வாசல் நெத்தியில தூக்கி வெச்சிருக்கீங்களே. என்ன மனுஷன் நீங்க?"

"நீங்க எழுதினதாச்சே. வேற எங்க வைப்பேன்?" என்றான் அவன்.

தூபா மூட்டையை நீட்டினாள். உள்ளே இரண்டு ஓடு, சேர்த்து வைத்தால் சரியான பக்கம் பார்க்கிற குருவி. நவ்ரூஸுக்கு எதையாவது செய்தால் தேவலை என்றிருந்தது. உளியை எடுத்துக்கொண்டு, பழையதைப் பெயர்க்க ஏணியில் ஏறினான்.

அதற்குள் ஹபீப் கையில் மாவோடு வெளியே வந்துவிட்டான். அந்தக் குருவி பாவம், இரண்டு நாளாகத் தன் கடை ரொட்டியையே முறைத்துப் பார்க்கிறது, அந்த வீட்டில் பொங்கிப் போட ஆளில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

தூபா சட்டென்று திரும்பினாள்.

"எங்க வீட்டுக் குருவி எங்க வேணாப் பாக்கும், மஷ்தி. நீங்க போய் உங்க அடுப்பைப் பாருங்க."

ஹபீப் உள்ளே போய்விட்டான். ஏணியில் இருந்தவனுக்கு அது காதில் விழுந்து நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கையால் உளியையும் இன்னொரு கையால் வளைவையும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"எங்க வீடுன்னா?" என்றான்.

"குருவி மேல கை வைக்காம முதல்ல இறங்குங்க" என்றாள் தூபா, ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி. "விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டீங்கன்னா, நான் யாரைக் கட்டிக்கிறது?"